சாமி திரும்பும் இடம்

நசரத்பேட்டைக்குத் தெற்கே, பெங்களூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண் பாதையில் இரண்டு ஊர்கள் இருந்தன. மேலத்தாங்கல், கீழத்தாங்கல். ஆடி மாதம் மேலத்தாங்கல் அம்மன் ஊர்வலம் வந்தால் சின்னப் பாலத்தோடு நின்று திரும்பிவிடும். கீழத்தாங்கல் அம்மன் ஒற்றைப் பனையோடு திரும்பிவிடும். பாலத்துக்கும் பனைக்கும் நடுவே, ஏரிக்கரையை ஒட்டி, கொஞ்சம் புறம்போக்கு நிலம் கிடந்தது. அங்கே எந்தச் சாமியும் போனதில்லை. உங்கள் ஊர் எல்லை எது என்று கேட்டால் இரண்டு ஊர்க்காரர்களும் தாலுக்கா ஆபீஸ் வரைபடத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். சாமி திரும்பும் இடத்தைத்தான் கை காட்டுவார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஓர் உயர்நிலைப் பள்ளி அனுமதியானது. அதற்கு முந்தைய வருஷம், பூந்தமல்லிப் பள்ளிக்கு நடந்து போன ஒரு பெண் பிள்ளை லாரியில் அடிபட்டு இறந்திருந்தாள். அதன் பிறகு போட்ட மனுக்களுக்கு வந்த பதில் அது. இடத்தை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், பொங்கலுக்குள் சொல்லாவிட்டால் பள்ளி வேறு ஊருக்குப் போய்விடும் என்று வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு ஊரும் மூன்று முறை கூடின. மூன்று முறையும் சண்டையில் கலைந்தன.

அப்படித்தான் அவர்கள் குணசேகரனிடம் வந்தார்கள்.

குணசேகரன் நிலம் அளப்பவர். அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த குணசேகரன் எண்பதில் நைஜீரியாவுக்குப் போய், நாலு வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, நசரத்பேட்டையில் ஒரு மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் கேட்டவர் எழுந்து போய்விட்ட சந்தர்ப்பங்கள் உண்டு என்று அவர் மனைவி கஸ்தூரி சொல்வாள்.

மேலத்தாங்கல் நாட்டாமை திருவேங்கடமும் கீழத்தாங்கல் நாட்டாமை பரந்தாமனும் தனித்தனி வண்டியில் வந்து, கூடத்தின் இரண்டு மூலைகளில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"சார், ஆப்பிரிக்காவுல ஒரு நாட்டுக்கே தலைநகரம் அளந்தீங்களாமே?" என்றார் திருவேங்கடம்.

"நான் அளக்கலை. அளந்த நூறு பேர்ல நானும் ஒருத்தன்."

"அத்த வுடுங்க. எப்டி எடம் புடிச்சாங்க? அத்த சொல்லுங்க."

குணசேகரன் சொன்னார். அந்த நாட்டில் மூன்று பெரிய ஜனக் கூட்டம். பழைய தலைநகரம் லாகோஸ், கடலோரம், ஒரு மூலையில், ஒரு கூட்டத்தாருடைய பக்கம். நெரிசல் தாங்கவில்லை. புதுசாக ஒன்று கட்டலாம் என்றால் மூவரில் யார் பக்கம் வைத்தாலும் மற்ற இருவரும் ஒப்பமாட்டார்கள். உள்நாட்டுச் சண்டை நடந்து முடிந்திருந்த நேரம். ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு நாட்டின் நடுவில், மூவரில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தைக் காட்டியது. அங்கே அபுஜா என்று ஊர் எழும்பிக்கொண்டிருக்கிறது.

"அத்தத்தான் நானும் சொன்னேன்," என்றார் பரந்தாமன். "நடுவுல. பாலத்துக்கும் பனைக்கும் நடுவுல."

"நீ எங்கய்யா சொன்ன? உன் மாமனார் கொல்லையத்தான காமிச்ச?"

"நீ உன் களத்துமேட்டக் காமிச்சியே, அதுக்கு இது தேவல."

"இருங்க," என்றார் குணசேகரன். "அந்த நடுவுல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ஏன் தன்னிடம் வந்தார்கள் என்று அவர் கேட்டதற்கு, "ஒங்களுக்கு ரெண்டு ஊர்லயும் மாமன் மச்சான் கெடையாது" என்று திருவேங்கடம் காரணம் சொன்னார். ஏழு வருஷமாக அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரிடம் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. குணசேகரனும் முகத்தில் எதையும் காட்டவில்லை.

அவர்கள் போன பிறகு கஸ்தூரி டம்ளர்களை எடுக்க வந்தாள்.

"உள்ள வந்ததுலருந்து எல்லாத்துக்கும் சண்டை. அந்த ஒண்ணுக்கு மட்டும் எப்படி ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க?" என்றாள்.

அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் இடத்தைச் சும்மா நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். சின்னப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு முள்வேலி தெரிந்தது. வேலிக்குள் ஓலைக் கூரை போட்ட வீடு, இரண்டு எருமைகள், சுரைக்கொடி ஏறிய பந்தல். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, ப்ளாட்டு பாக்க வந்தியா? இங்க ஓணாம். மழ பேஞ்சா முட்டிக்கால் தண்ணி நிக்கும்."

"ப்ளாட் இல்லம்மா. பள்ளிக்கூடம் கட்ட."

"எங்க?"

அவர் கையை நீட்டி, பாலத்திலிருந்து பனை வரை காட்ட ஆரம்பித்தார். கை பாதி வழியில் அவளுடைய வீட்டின் மேல் வந்து நின்றது. அதற்கு மேல் நகர்த்த முடியாமல் இறக்கிக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே தொட்டித் தண்ணீரில் தன் கைகளைக் கழுவினாள்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"இதான்."

"மேலத்தாங்கலா, கீழத்தாங்கலா?"

"அத்த அவங்களாண்ட கேட்டுக்கினு வந்து எனுக்கும் சொல்லு."

அவள் பெயர் வேம்புலியம்மாள். அவளுடைய புருஷன் துலுக்கானம் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவன். ஏரிக்கு ஒரே மதகு. அதிலிருந்து இரண்டு ஊருக்கும் இரண்டு வாய்க்கால். மதகைத் திறப்பவன் எந்த ஊர்க்காரனோ அந்த ஊருக்குத்தான் தண்ணீர் போகும் என்று பயந்து, அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பாலிருந்து துலுக்கானத்தின் தாத்தாவைக் கூட்டிவந்து நடுவில் குடி வைத்தார்கள். இரண்டு ஊரிலும் பெண் எடுக்கக் கூடாது, இரண்டு ஊர் விசேஷத்திலும் கை நனைக்கக் கூடாது, எந்தக் கோயிலிலும் கூழ் ஊற்றக் கூடாது என்று கட்டுப்பாடு. அறுப்புக் காலத்தில் களத்து நெல் மட்டும் இரண்டு பக்கமிருந்தும் வரும். பிறகு வயல்கள் மனைகளாயின. வாய்க்கால்கள் தூர்ந்தன. மதகை யாரோ சிமென்ட் பூசி அடைத்தார்கள். நெல் நின்றுபோனது. கட்டுப்பாடு மட்டும் நிற்கவில்லை. அது இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டதால் அதை எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

"அவுரு செத்தப்போ ரெண்டு ஊருக்கும் சொல்லி அனுப்பிச்சேன்," என்றாள் அவள். "யாரும் வரக்கூடாதுன்னு நெனைக்கல நைனா. பொய் சொல்லக் கூடாது. அவங்க வருவாங்கன்னு இவங்க, இவங்க வருவாங்கன்னு அவங்க. பொழுது எறங்கிடுச்சு. செங்கல் சூளையில லோடு ஏத்தற ஆளுங்க நாலு பேரு, எந்த ஊர் ஆளுங்களோ, பாவம், வந்து தூக்கினாங்க. எந்த சுடுகாட்டுக்குன்னு கேட்டாங்க. எனுக்குத் தெரில. தோ, அந்தப் பந்தலுக்குப் பின்னால பொதைச்சோம்."

குணசேகரன் பந்தலைப் பார்த்தார். பின்னால் ஒரு சின்ன மண்மேடு, சாணம் மெழுகியிருந்தது. அவர் வேலியோரம் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். அவள் மீதி வறட்டியைத் தட்டி முடித்தாள். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அந்த மௌனம் அவளுக்குச் சங்கடமாக இல்லை என்பதை அவர் கவனித்தார். தனியாக இருந்து பழகியவர்களுக்கு அது சங்கடமாக இருக்காது.

"இன்னா நைனா, இம்மா நேரமா யோசன?"

அவர் அபுஜாவைச் சொன்னார். திருவேங்கடத்திடம் சொல்லாத பாதியைச் சொன்னார். வரைபடத்தில் அந்த இடம் வெறும் மேடு பள்ளக் கோடுகளாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் வள்ளிக்கிழங்குத் தோட்டங்கள், வட்டமான மண் வீடுகள். பெண்கள் விறகைத் தலையில் வைக்காமல் தோளில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மூன்று பெரிய கூட்டத்திலும் சேராத சின்னக் கூட்டம் அது. யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று குழு சொன்னதன் அர்த்தம் அந்த மூன்று பேருக்கும் சொந்தமில்லாத இடம் என்பதுதான்.

"அந்த ஜனங்கள இன்னா பண்ணாங்க?"

"எல்லாரையும் வேற இடத்துக்கு அனுப்பணும்னு முதல்ல சொன்னாங்க. அப்புறம், இருக்கறவங்க இருக்கலாம்னாங்க. கொஞ்சம் பேரை அனுப்பிச்சாங்க. நான் வந்துட்டேன். பிறகு நடந்தது தெரியாது."

"இருக்கறவங்க இருக்கலாம்னு யாரு சொன்னது?"

"சர்க்கார்."

"ம்," என்றாள் அவள். அதற்குப் பிறகு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அன்று மாலை குணசேகரன் திருவேங்கடத்தின் வீட்டுக்குப் போனார். நடுவில் ஒரு வீடு இருக்கிறதே என்றார்.

"அதுவா? அது கீழத்தாங்கல் கணக்கு சார். அவங்க பாத்துப்பாங்க."

பரந்தாமனிடம் போனார்.

"நீர்க்கட்டி பொண்டாட்டியா? அது மேலத்தாங்கல் ஆளாச்சே."

இருவருமே பொய் சொல்லவில்லை. அதுதான் அவரை உறங்கவிடாமல் செய்தது. அந்தம்மாவை விரட்டவேண்டும் என்று இரண்டு ஊரிலும் ஒருவரும் நினைத்ததில்லை. அவளை யாரோ எண்ணியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள்.

மார்கழி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது பேப்பரில், உள்பக்கத்தில், நைஜீரியா தன் தலைநகரை அபுஜாவுக்கு மாற்றிவிட்டது என்று சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. கஸ்தூரிதான் முதலில் பார்த்தாள்.

"உங்க ஊர் வந்தாச்சு," என்று பேப்பரை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். மடித்து வைத்தார். மேசையில் பள்ளி இடத்துக்கான வரைபடம் கிடந்தது. நிலம் காலியாக இருக்கிறது, இரண்டு ஊருக்கும் ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், மீதியை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். அவர் வீட்டையும் பந்தலையும் மண்மேட்டையும் மசியால் வரைந்தார். காலி என்ற சொல்லை எழுதவில்லை.

"இத்தனை சின்னதா வரைஞ்சா யாருக்குத் தெரியும்?" என்றாள் கஸ்தூரி.

"அளவு அவ்வளவுதான்."

மறுநாள் இரண்டு நாட்டாமைகளையும் சின்னப் பாலத்துக்கு வரச்சொன்னார். பாலத்தின் இரண்டு கட்டைச் சுவர்களிலும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அவர் நடுவில் நின்று வரைபடத்தைக் காட்டினார்.

"இந்த வீட்டை யாராவது ஒருத்தர் எங்க ஊர்னு சொல்லணும்," என்றார்.

இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஊர் என்று ஒருவர் சொன்னால், வீடு நிற்கும் இடமும் அந்த ஊராகிவிடும். பிறகு அது நடு இல்லை. மற்றவர் கையெழுத்துப் போடமாட்டார். பள்ளி போய்விடும். எங்கள் ஊர் இல்லை என்று இருவரும் சொன்னால் அந்தம்மா புறம்போக்கை ஆக்கிரமித்தவள். ஒரு நோட்டீஸில் வீடு போய்விடும்.

"கட்டாந்தரைய அளக்கச் சொன்னா வம்ப அளந்துகினு வந்துக்கீறீங்க," என்றார் பரந்தாமன்.

"ரெண்டு பேருக்கும் இல்லன்னா அது மூணாவது ஊர்," என்றார் குணசேகரன்.

திருவேங்கடம் சிரித்தார். "ஒரு ஊடு, ரெண்டு எரும. ஊரா?"

"ஒரு ஊர் இன்னொரு ஊர்கிட்ட ஒண்ணு கேக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"தாம்பூலம் எடுத்துகினு போவோம்."

"அதைப் பண்ணுங்க. அவங்க குடுத்தா எழுதறேன்."

பரந்தாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நீர்க்கட்டி ஊட்டு வாசல்ல நான் தாம்பூலத் தட்டோட போய் நிக்கறதா? இன்னா பேச்சு இது? நான் வரமாட்டேன்."

அவர் போவதைத் திருவேங்கடம் பார்த்துக்கொண்டிருந்தார். பரந்தாமன் வரமாட்டேன் என்ற ஒரே காரணம் போதுமாயிருந்தது. "நான் போறேன் சார்," என்றார்.

இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறிய பிறகு, அவர் தட்டோடு வேம்புலியம்மாள் வீட்டுக்கு வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள். குணசேகரன் டேப்பையும் முளைக்குச்சிகளையும் எடுத்துக்கொண்டு முன்பே வந்து வேலியோரம் உட்கார்ந்திருந்தார். தட்டு எதற்கு என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

அவள் தட்டைத் தொடவில்லை. கயிற்றுக் கட்டிலை இழுத்து நிழலில் போட்டாள்.

"குந்து நைனா. அவுரும் வரட்டும்."

"அவன் வரமாட்டாம்மா."

"ஒன்னுத மட்டும் வாங்கினா நான் ஒன் ஊராயிடுவேன். அப்புறம் பள்ளிக்கூடம் எங்க வரும்? குந்து."

திருவேங்கடம் உட்கார்ந்தார். தட்டு மடியில் இருந்தது. எருமைகள் அசைபோட்டன. குணசேகரனுக்கு மௌனம் பழக்கம், திருவேங்கடத்துக்கு இல்லை. கனைத்தார், மழையைப் பற்றி ஏதோ சொன்னார், யாரும் பதில் சொல்லவில்லை. மெல்ல அவருடைய பார்வை பந்தலுக்குப் பின்னால் போனது. மண்மேட்டில் நின்றது. பிறகு அவரும் பேசவில்லை.

திருவேங்கடம் நீர்க்கட்டி வீட்டில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தியைப் பால் எடுக்க வந்தவன் கீழத்தாங்கலுக்குக் கொண்டுபோனான். பள்ளியை மேலத்தாங்கல் அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறது என்று அங்கே ஆகிவிட்டது. பரந்தாமன் டிவிஎஸ் ஐம்பதை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவருடைய தட்டு துண்டில் மூட்டையாகக் கட்டியிருந்தது. பழம் நசுங்கியிருந்தது.

"சொம்மா பாக்கலாம்னு வந்தேன்," என்றார்.

"தட்டோடவா?" என்றார் திருவேங்கடம்.

வேம்புலியம்மாள் இரண்டு தட்டையும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். தரையில் உட்கார்ந்தாள்.

"கேளுங்க."

பரந்தாமன் திருவேங்கடத்தைப் பார்த்தார். யார் முதலில் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பரந்தாமன்தான் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. "பள்ளிக்கூடத்துக்கு எடம் ஓணும்."

"என் காலம் வரிக்கும் ஊடு நிக்கட்டும். பந்தலுக்குப் பின்னால எப்பவும் தொடக் கூடாது. மத்தத எடுத்துக்கோங்க. என் எடம்னு நான் சொன்னதில்ல, நீங்க கேட்டதால சொல்றேன்," என்றாள். "ஆனா எனுக்கு ஒண்ணு சொல்லணும். நான் செத்தா எந்த ஊரு தூக்கும்?"

ஒற்றைப் பனையில் காற்று சரசரத்தது. இருவரும் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துலுக்கானம் செத்த அன்று மாலை தாங்கள் எங்கே இருந்தோம் என்று இருவரும் நினைத்துப் பார்த்திருக்கலாம். அதை அவர்கள் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

"எங்க ஊரு," என்றார் பரந்தாமன்.

"ஏன்? எங்களாண்ட ஆள் இல்லியா?" என்றார் திருவேங்கடம் உடனே. "ஏரிக்கு மதகே எங்க பக்கம்தான். மொற எங்களுது."

"மொறயப் பத்தி நீ பேசாத. அன்னிக்கு எங்க போன?"

"நீ எங்க போன?"

"சண்ட போடாதீங்க," என்றாள் வேம்புலியம்மாள். அவள் குரல் உயரவில்லை. "தூக்க நாலு பேரு ஓணும். ஆளுக்கு ரெண்டு பேர அனுப்புங்க. தூரம் போக வேணாம். அவுரு பக்கத்துல வெச்சா போதும். அதுக்குச் சரின்னா ரெண்டு தட்டையும் எடுத்துக்கறேன்."

முந்தைய வருஷம் லாரியில் அடிபட்டு இறந்த பெண் பரந்தாமனின் தம்பி மகள். அவளைப் பாடையில் வைக்கவில்லை, சின்ன உடம்பு. சாலையிலிருந்து சுடுகாடு வரை பரந்தாமன்தான் கையில் ஏந்திக்கொண்டு போனார். அன்று அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கை நீட்டியவர்களையெல்லாம் அவர் தலையசைத்து விலக்கிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

"ஆள் அனுப்பமாட்டேன்," என்றார் அவர்.

வேம்புலியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானே வரேன்."

திருவேங்கடம் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். "அப்ப நானும்தான். நான் மட்டும் இன்னா?"

"முன்னால நான் புடிப்பேன்."

"நீயா? நீ குள்ளம்யா. பாட சாஞ்சிடும்."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனால் கண்களில் தண்ணீர் நின்றது. குணசேகரன் வேறு பக்கம் பார்த்தார்.

"அத்த நான் செத்தப்பறம் பேசிக்கோங்க," என்றாள். இரண்டு தட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "இப்ப எழுந்து அந்த டேப்பப் புடிங்க. சாரு எம்மா நேரம் தனியா குந்திகினு இருப்பாரு?"

டேப்பின் ஒரு முனையைத் திருவேங்கடம் பிடித்தார். மறுமுனையைப் பரந்தாமன் இழுத்துக்கொண்டு பனைப் பக்கம் நடந்தார். குணசேகரன் சுரைப்பந்தலைச் சுற்றி நன்றாகத் தள்ளி இடம் விட்டு முதல் முளைக்குச்சியை வைத்தார்.

"தொய்யுது, இழுத்துப் புடிங்க," என்றார்.

"மொதல்ல அவன இழுக்கச் சொல்லுங்க சார்," என்று இரண்டு பக்கமிருந்தும் குரல் வந்தது.